ஆறு ஆண்பனைகள்

1

மூன்று வாரத்துக்கு முன், கிளினிக்கில் வேலைக்கு நடுவில், ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு பதினொரு பக்க அறிக்கை. மொழி சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தரும்படி, நான் மொழிபெயர்த்துக் கொடுக்கும் ரூத் கேட்டிருந்தாள். ஏழாம் பக்கத்தில், முப்பது வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு அநியாயத்தை, மலர் என்கிற பெண் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

மலர் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அது நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அந்த அநியாயத்தால் கால் போனதே அவளுக்குத்தான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரி. இப்போது கலிபோர்னியாவில், மில்பிடாஸில் இருக்கிறேன். கணவர் ரவி திருச்சிக்காரர். மகள் யாழினிக்குப் பதினேழு வயது. பள்ளியில் அவளை யாஸ் என்கிறார்கள். பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தவள் நான், எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். பகலில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். மிச்ச நேரத்தில் ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்க்கிறேன்.

இந்த மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'தனக்குத் தலைவலி என்கிறார்' என்று சொல்லக் கூடாது. 'எனக்குத் தலைவலி' என்றே சொல்ல வேண்டும். இப்படி நான் எத்தனை பேருடைய மூட்டுவலியைப் பட்டிருக்கிறேன் தெரியுமா? எத்தனை பிள்ளை பெற்றிருக்கிறேன்! எழுபது வயது அங்கிள் ஒருவருக்காக, எனக்குச் சரியாக மூத்திரம் போவதில்லை என்று டாக்டரிடம் முறையிட்டிருக்கிறேன். அன்றைக்குக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். யாழினி ஒரு வாரம் சிரித்தாள்.

அந்தச் சட்டம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இல்லை, அதுவும் பொய். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

2

ரூத் சான்டா கிளாராவில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு நடத்துகிறாள். போர் நடந்த ஊர்களில் ஆட்களைக் கூட்டி உட்காரவைப்பது அவர்கள் வேலை. கோர்ட் மாதிரி 'யார் செய்தது' என்று தொடங்குவதில்லை. 'இந்த மண்ணுக்கு என்ன நடந்தது?' என்று தொடங்குகிறார்கள். மரம், கிணறு, குளம், வயல், எதற்கு என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது மனிதருக்கு நடந்ததும் தானாக வெளியே வந்துவிடுமாம். கடைசியில் கெடுத்தவரும் இழந்தவரும் சேர்ந்து நின்று அந்த மண்ணைச் சரியாக்க வேண்டும்.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெள்ளைக்காரர் மரத்தைக் கட்டிப்பிடிக்க இனி எங்கள் ஊருக்கும் போகப்போகிறார்களாக்கும் என்று ரவியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் ஒரு இடம், மாதம் ஒரு சனிக்கிழமை, கணினியில் இரண்டு மணி நேரம் மொழிபெயர்த்தால் போதும் என்றாள் ரூத். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

இங்கே சனி மாலை ஆறரை என்றால் அங்கே ஞாயிறு காலை ஏழு. கோடையில் முதல் அமர்வு. திரையில் வெள்ளை மணல் தரை தெரிந்தது. பிந்திய சண்டைகளில் புதைத்த கண்ணிவெடிகளை எடுத்து முடித்துக் காணியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, கொஞ்சம் சாய்ந்து நடந்து, கைபேசிக்கு முன்னால் வந்தாள்.

"வணக்கம். நான் மலர். இஞ்சத்தப் பள்ளிக்கூடத்தில சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறன். இது எங்கட காணி" என்று சொல்லி ஒழுங்கையின் பெயரையும் சொன்னாள்.

அது எங்கள் ஒழுங்கை, நான் வளர்ந்த சின்னத் தெரு. அந்த ஒழுங்கையில் அவர்கள் வேலிக்கு அடுத்த வேலி எங்களுடையது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் கேமரா அணைந்திருக்க வேண்டும் என்பது ரூத் வைத்த விதி. திரையில் பெயர்கூட இருக்காது, 'தமிழ் மொழிபெயர்ப்பாளர்' என்று மட்டும் இருக்கும். மலர் என்னை 'மொழிபெயர்க்கிற அக்கா' என்றாள்.

அமெரிக்காவில் எதற்கும் ஒரு படிவம் இருக்கும். இதற்கும் இருந்தது. ஒவ்வொரு அமர்வுக்கு முன்னும் நிரப்ப வேண்டும். 'பங்கேற்பவர்களில் யாரையாவது உங்களுக்கு முன்பே தெரியுமா?' முதல் மாதம் இல்லை என்று குறியிட்டேன், அப்போது அது உண்மை. இரண்டாவது மாதமும் இல்லை என்றே குறியிட்டேன். ஒரு நொடி வேலை. படிவத்தில் பொய் எழுதுவது எனக்கு முதல் தடவை இல்லையே.

3

முதல் தடவை பொய் எழுதியது ஒரு பட்டியலில். அதைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர்ச் சங்கக்கடையில் பங்கீட்டு அட்டை எழுதுகிற வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். அந்த மாரியில் பங்கர் கட்டப் பனைமரம் வேண்டும் என்று இயக்கப் பொடியள் கேட்டார்கள். ஒழுங்கைக்கு இத்தனை மரம் என்று கணக்கு. ஆண்பனை மட்டும்தான் தறிக்கலாம், காய்க்கிற பெண்பனையைத் தொடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பொடியளும் சம்மதித்தார்கள். யார் காணியில் எத்தனை ஆண்பனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் ஒழுங்கை ஆறு மரம் கொடுக்க வேண்டும். எங்கள் காணியில் சரியாக ஆறு ஆண்பனை நின்றது. என் கலியாணத்துக்குச் சீதனமாகத் தரும் வீட்டுக்குக் கூரை போட என்று அப்பா வைத்திருந்த மரங்கள் அவை. அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இதை நான் யார் மீதும் போட முடியாது.

பக்கத்துக் காணி பரமேஸ் மாமியுடையது. புருஷன் இல்லை. மலர் ஒரே பிள்ளை. அவர்கள் சீவியமே அந்தக் கிணற்றடிப் பனைகளில்தான். பழக் காலத்தில் பழக்களியைக் காயவைத்துப் பினாட்டு, பிறகு கிழங்கு, அதைப் பச்சையாகக் காயவைத்து ஒடியல், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல். நான் மாமியின் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆண்பனை ஆறு' என்று எழுதினேன். எங்கள் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். அடியில் ஒரு வரி இருந்தது, 'உரிமையாளர் சொன்னபடி' என்று. ஒவ்வொரு பெயருக்கும் அது பொருந்தும். மாமியிடம் நான் கேட்கவே இல்லை.

தறிக்க வந்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். காயும் பழமும் இல்லாத மாதம். மாமி ஓடிவந்து, "ஐயோ தம்பியவை, அது பெண்பனை! காய்க்கிற மரமடா!" என்று கத்தினா. அவர்கள் பட்டியலைக் காட்டினார்கள். "நீங்கள் சொன்னதெண்டுதானே எழுதிக்கிடக்கு அம்மா" என்றார்கள். நான் எங்கள் வேலிக்குப் பின்னால் நின்றேன். விழுந்த மரங்களை ஆறு வரை எண்ணினேன்.

அதற்குப் பிறகு எல்லாரும் இடம்பெயர்ந்தோம். நான் திருச்சிக்கு வந்து, ரவியைக் கண்டு, இங்கே வந்துவிட்டேன். மாமியும் மலரும் அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினார்கள். சாப்பிட ஒன்றும் இல்லை. சொந்தக் காணியில் பனையும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை பனம்பழம் பொறுக்க ஆளில்லாத காணி ஒன்றுக்குள் போனாள். மிதிவெடி.

இங்கே ஆபீஸ் கட்டடங்களுக்கு முன்னால் வரிசையாகப் பனை மாதிரி மரங்கள் நிற்கும். பனை இல்லை அது, வேறு ஏதோ அலங்கார மரம். இருந்தும் சிக்னலில் கார் நிற்கும்போதெல்லாம் நான் எண்ணுகிறேன். ஆறு வந்ததும் நிறுத்திவிடுகிறேன். இதை இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

4

மூன்றாவது அமர்வு. அன்று மலர் தன் தாயைப் பற்றிச் சொன்னாள். நான் அவளுடைய 'நானாக' ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"கால் போனதைவிட எனக்கு வேற ஒண்டுதான் நோகுது" என்றாள். "ஊர் திரும்பி வந்த சனம் அம்மாவைத்தான் குறை சொன்னது. பொடியளிட்ட நல்ல பேர் எடுக்கப் பெண்பனையை ஆண்பனை எண்டு தானே குடுத்தவளாம். தன்ர வாயாலயே பிள்ளையின்ர காலைத் திண்டவளாம். அம்மா சாகுமட்டும் இதைத்தான் கேட்டவ. இல்லை, நான் சொல்லேல்லை, என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொல்லிச் சொல்லியே செத்தவ. போன வருசம்தான்."

நான் மொழிபெயர்த்தேன். 'என் அம்மா சாகும்வரை சொன்னார்' என்று ஆங்கிலத்தில் முடித்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

"அம்மா பொய் சொல்லேல்லை. ஆரோதான் எழுதினது" என்றாள் மலர்.

யாரோ எழுதியது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் வாய் தானாகத் தொடர்ந்தது. "ஐ ரோட் இட். ஐ ரோட் மேல்." நான் எழுதினேன். ஆண் என்று நான் எழுதினேன்.

ரூத்தின் முகம் மாறியது. கண் கலங்க, கையை நெஞ்சில் வைத்து, இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும், நன்றி மலர் என்றாள். பக்கத்தில் இருந்தவர் குறிப்பெடுத்தார். நான் சட்டப்படி அதைத் தமிழில் சொன்னேன். "சொன்னதுக்கு நன்றி மலர், நல்ல துணிச்சல்." மலர் கைபேசியை உற்றுப் பார்த்தாள். போய்க் கதிரையில் இருந்தாள்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. கேவலம், ஆனால் அதுதான் உண்மை. சொல்லியும் ஆயிற்று, மாட்டவும் இல்லை.

5

நிம்மதி ஏழாம் பக்கம் வரைக்கும்தான். 'பட்டியலில் பொய்யாக எழுதியது தானே என்று பங்கேற்பாளர் ஒப்புக்கொண்டார்.' இந்த அறிக்கையைத் தமிழில் மாற்றி ஊரில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார்கள். தாய் பொய்க்காரி என்று பெயர் வாங்கிச் செத்தா. இனி மகள் பொய்க்காரி. அதுவும் என் வாயால்.

ரவியிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலையும் சேர்த்து. அவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர், குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"நீ ஏன்மா இதுல போய் மாட்டிக்கிட்ட? இன்டர்ப்ரட்டர் எர்ரர்னு ஒரு மெயில் போடு, கரெக்ட் பண்ணிடுவாங்க. முடிஞ்சுது" என்றார்.

"அப்ப பரமேஸ் மாமி?"

"அவங்கதான் இல்லையே."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றப் பார்த்தார். நானும் அப்படியே அனுப்பினேன். 'ஏழாம் பக்கத்தில் உள்ள அந்த வாக்கியத்தைப் பங்கேற்பாளர் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரின் பிழை.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதைவிடச் சுத்தமான பொய்யை நான் எழுதியதில்லை.

ரூத் மறுநாள் பதில் போட்டாள். மிகவும் மரியாதையாக, இரண்டே வரி. திருத்திவிடலாம், ஆனால் எங்கள் பதிவு விதிப்படி ஒவ்வொரு வாக்கியமும் யாருடையது என்று குறிக்க வேண்டும். அப்படியானால் இந்த வாக்கியம் யாருடையது?

கிளினிக்கில் ஒரு நோயாளியின் இன்ஷூரன்ஸ் அட்டை என் கையில் இருந்தது. அவர் இரண்டு தடவை "மேடம்" என்று கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் இருந்து பதில் எழுதினேன். 'என்னுடையது. இனி நான் மொழிபெயர்க்க முடியாது. என்னைப் பங்கேற்பாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலர் சம்மதித்தால்.'

மலர் சம்மதித்தாள் என்று நாலாம் நாள் செய்தி வந்தது. நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் ஒரு சென்னை ஆன்ட்டியை ரூத் மொழிபெயர்க்கப் பிடித்தாள். அவர் பழைய பதிவுகளைக் கேட்டுவிட்டு எனக்கே போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம், அவங்க பேசுறதுல பாதி எனக்குப் புரியல. எண்டு எண்டுங்கிறாங்க, எங்க எண்ட் ஆகுதுன்னே தெரியல."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த யாழினி, தான் செய்வதாக ஆங்கிலத்தில் சொன்னாள். நீ திட்டும்போது எனக்கு எல்லாம் புரிகிறதே, அதே தமிழ்தானே என்றாள். அவளுக்கு விஷயம் தெரியாது. உட்காரவைத்துச் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஆங்கிலத்தில்தான்: அந்தச் சின்னப் பிள்ளையை உனக்கு முன்பே தெரியுமா? தெரியும், சங்கக்கடைக்கு வந்தால் நான் சீனி கொடுப்பேன், என்னைச் சங்கக்கடை அக்கா என்று கூப்பிடுவாள் என்றேன். யாழினி எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

6

இந்த முறை என் கேமரா திறந்திருந்தது. மலர் என்னைக் கண்டதும் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்திருந்தேன்.

"நரைச்சுப்போச்சு உங்களுக்கு" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கும் முன் அவளே சொன்னாள். "அண்டைக்கு நீங்கள் இங்கிலீசில சொன்னது எனக்கு விளங்கினது. அந்தளவு இங்கிலீசு எனக்கும் தெரியும், சங்கக்கடை அக்காவின்ர குரலும் தெரியும். தமிழில எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

யாழினி இதை ரூத்துக்குச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மலர் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதைக் கேக்காதேங்கோ. மன்னிக்கிறனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. இஞ்ச கிணத்தடியில ஆறு குழி வெட்டியிருக்கிறம். பனங்கொட்டை போடப்போறம். அம்மாவைப் பற்றிக் கதைச்ச ஆக்கள்தான் போடவேணும் எண்டு கேட்டனான், வந்திருக்கினம். ஒவ்வொரு குழியிலயும் நில்லுங்கோ, நடந்ததைச் சொல்லுங்கோ, கேட்டாப் பிறகு அவை போடட்டும்."

கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் படம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பொய்க்கால்.

முதல் குழியில் ஒரு பெரியவர், கையில் கொட்டையோடு நின்றார். நான் சொன்னேன். "பரமேஸ் மாமியிட்ட நான் கேக்கேல்லை. அவ ஒண்டும் சொல்லேல்லை. பெண்பனையை ஆண்பனை எண்டு எழுதினது நான்."

"சத்தமாச் சொல்லுங்கோ" என்றாள் மலர். "அவருக்குக் காது கேக்கிறது குறைவு."

கத்திச் சொன்னேன். மில்பிடாஸில், எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். என் மகள் பக்கத்தில் இருந்து "ஐ ரோட் இட்" என்றாள். பெரியவர் குனிந்து கொட்டையைப் போட்டார். மண்ணைத் தள்ளிவிட்டு, துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது குழியில் ஒரு அம்மா, நான் முடிக்கும் முன்பே, "ஐயோ, நான் என்னவெல்லாம் அவளைச் சொன்னனான்" என்று தலையில் அடித்தா. மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு முறையும் சுருக்கமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் யாழினி 'நான்' என்றாள். விதி அது, நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாலாவது முறை சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை.

ஆறாவது குழியில் ஒருவரும் இல்லை. கொட்டையை மலரே உள்ளே போட்டாள், ஆனால் மூடவில்லை.

"அம்மா கடைசியில இந்த இடத்திலதான் வந்து வந்து இருக்கிறவ. இஞ்சயும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கைபேசியைக் குழிக்குப் பக்கத்தில் மண்ணில் மல்லாக்க வைத்துவிட்டு விலகிப் போனாள்.

திரையில் வானம் மட்டும் தெரிந்தது. காற்று இரைந்தது.

"மாமி, அது பெண்பனைதான். நீங்கள் பொய் சொல்லேல்லை. நான்தான் எழுதினனான்" என்றேன்.

யாழினி ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதில் வந்தால் எழுத வேண்டும் அல்லவா. வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, தமிழில் கேட்டாள்.

"மலர் ஆன்ட்டி என்ன சொன்னாங்கம்மா? எனக்குப் புரியல."

"ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.